யன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள்

காத்தோட்டிக்காயைப் பயணப்பெட்டியின் அடியில், இரண்டு பழைய சேட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். கறுப்பு எள்ளுப் பொட்டலம் சவரச் சாமான்களோடு போனது. நாற்பத்து மூன்று வயதில் தாய்க்குத் தெரியாமல் காய் கடத்துகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

காத்தோட்டிக்காய் கசக்கும். ஆடி அமாவாசை நெருங்கும்போது மட்டும்தான் பாரிசில் லா சப்பல் தமிழ்க் கடைகளில் அதற்கு மரியாதை. தகப்பனை இழந்தவர்கள் அன்று கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மத்தியானம் வரை பட்டினி கிடந்து, அந்தக் காயையும் சமைத்துப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். தகப்பன் உயிரோடு இருப்பவன் அந்த விரதத்தைப் பிடிக்கக்கூடாது. எங்கள் வீட்டில் சிக்கலே அதுதான்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்பா கடல்நீரேரியைப் படகில் கடக்கப் போனார். படகும் வரவில்லை, அதில் போனவர்களும் வரவில்லை. மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாகப் படத்துக்கு மாலை போட்டார்கள். அம்மா போடவில்லை. "உடம்பைக் கண்ட ஆள் ஆர்? கண்டவை வந்து சொல்லட்டும், நான் பொட்டை அழிக்கிறன்" என்றார். பிரான்சுக்கு வந்த பிறகும் நெற்றியில் அந்தக் குங்குமம் இருந்தது. ஆடி அமாவாசை அன்று எனக்கு விடிய எழும்பின உடனே சாப்பாடு தந்துவிடுவார். நான் பட்டினி கிடந்துவிடுவேனோ என்ற பயம் அவருக்கு.

அப்பா போகும்போது அவருக்கும் நாற்பத்து மூன்று. அடுத்த வருடம் நான் அவரைவிட மூத்தவன் ஆகிவிடுவேன். அதற்குள் ஒருமுறையாவது அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்திருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பின்லாந்து தானாக வந்து வாய்த்தது. முந்தைய கோடையில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில், கூரைக்குக் கீழே அடித்த வெக்கையில் அம்மா மயங்கி விழுந்தார். இந்தமுறை குளிரான இடம் எங்கேயாவது கூட்டிப்போ என்றார் டாக்டர். மனைவியும் பிள்ளைகளும் விடுமுறைக்கு லண்டன் போயிருந்தார்கள். நான் வேலை செய்வது விமான ரிக்கெற் விற்கும் கடையில். கொம்பியூட்டரில் தேடிக்கொண்டு போனபோது பின்லாந்தின் கரையோரப் பழைய ஊர் ஒன்றின் பக்கம் திறந்தது. கோடையில் அங்கே என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல்: மரவீட்டுத் தெருக்களில் வழிகாட்டியோடு நடை, படகில் வெளிச்சவீட்டுத் தீவு, கடற்குளிப்பு, சந்தையில் புகைபோட்ட மீன். நான் கடற்குளிப்பைப் பார்த்தேன், பிறகு சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைப் பார்த்தேன். அமாவாசை அந்த வாரத்தில்தான் விழுந்தது.

நாங்கள் எடுத்த வீடு கடலுக்குப் போகும் தெருவில் இருந்தது. மஞ்சள் மரவீடு. சாவியை வாசலில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரை நாங்கள் கடைசிவரை காணவே இல்லை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை, ஆனால் தெருவில் ஆள் இல்லை. யன்னல்களில் பூச்சாடி, சரிகைத் திரை, அதற்குப் பின்னால் எவரும் இல்லை. எங்கள் யன்னலின் வெளிப்பக்கம், அடுத்த வீடுகளில் போலவே, சாய்வாக இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகள் பூட்டியிருந்தன. உள்ளே கதிரையில் இருந்தபடியே தெருவின் இரண்டு பக்கமும் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். அம்மாவுக்கு அது சரியாகப் பிடித்துக்கொண்டது.

பிடிக்காமல் போனது யன்னல் தட்டில் இருந்த இரண்டு பீங்கான் நாய்கள். வெள்ளை நாய்கள், கழுத்தில் பொன் சங்கிலி, மனிதர்களுக்கு இருப்பது மாதிரிக் கண். இரண்டும் முகத்தை வீட்டுக்குள் திருப்பிக்கொண்டு இருந்தன.

"சாப்பிடேக்கை வாயைப் பாக்குதுகள்" என்றார் அம்மா.

மறுநாள் காலையில் நாய்கள் வெளியே, கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாதான் திருப்பியிருக்கிறார் என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார்: "நல்ல வேலை செய்தாய் தம்பி. இனி நிம்மதியாச் சாப்பிடலாம்."

"நான் திருப்பேல்லை அம்மா. நீங்கள் எல்லோ?"

"எனக்கென்ன வேலை, அதுகளைத் தொட?"

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கோப்பைகளைக் கழுவினேன். அவரும் என்னைப் பற்றி அதைத்தான் நினைத்திருப்பார்.

அன்று பத்து மணிக்கு வழிகாட்டியோடு நடை. ஆறு பேர். வழிகாட்டி இளம்பெண், பழைய காலத்து நீளப் பாவாடை கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு யன்னலுக்கு முன்னால் அவள் நின்றாள். அங்கேயும் இரண்டு நாய்கள். இந்த ஊர் ஆண்கள் கப்பலோடு போனால் மனைவிமார் நாய்களின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைப்பார்கள், ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் உள்ளே திருப்புவார்கள் என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோசம், அதையும் தமிழில் சொல்லிவிட்டேன்.

அம்மா நின்றுவிட்டார். "ஆள் வராட்டி?"

கேட்டுச் சொல் என்றார். கேட்டேன். வராவிட்டால் நாய்கள் வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கும் என்றாள் வழிகாட்டி.

"எத்தினை வருஷத்துக்கு?"

அதையும் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். தனக்குத் தெரியாது என்றாள். மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அம்மா அந்த யன்னலடியிலேயே நின்றார்.

அன்று பின்னேரம் அம்மா குளிக்கப் போன நேரத்தில் எங்கள் வீட்டு நாய்களை நான் உள்ளே திருப்பி வைத்தேன். எனக்குக் கோபமாக இருந்தது. முப்பத்து நான்கு வருடமாக அவருடைய நம்பிக்கைக்கு நாங்கள் எல்லோரும் எண்ணெய் ஊற்றியது போதாதா, ஊர் பேர் தெரியாத ஒரு பீங்கான் நாயும் ஊற்ற வேண்டுமா? விடிய எழும்பிப் பார்த்தேன். நாய்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா கதிரையில் இருந்து கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

மூன்றாம் நாள் வெளிச்சவீட்டுத் தீவு. ரிக்கெற் முன்பே எடுத்திருந்தேன். படகடியில் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஏறேல்லை. நீயும் ஏறாதை." படகு எங்களை விட்டுவிட்டுப் போனது. நாங்கள் கரையில் கிடந்த மரவாங்கில் இருந்தோம், புகைபோட்ட மீன் வாங்கிச் சாப்பிட்டோம். வேறெங்காவது போவோம் என்றால் அம்மா எழும்ப மறுத்தார். மூன்று மணித்தியாலம் கழித்துப் படகு திரும்பி வந்தது. இறங்கிய ஒவ்வொருவரின் முகத்தையும் அம்மா பார்த்தார். கடைசி ஆள் இறங்கிய பிறகும் படகுக்குள் எட்டிப் பார்த்தார். கயிறு கட்டிக்கொண்டிருந்த மனிதன், ஏதாவது தவறவிட்டீர்களா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை என்றேன். அன்று பொழுதுபட நான் மறுபடி நாய்களை உள்ளே திருப்பினேன்.

அடுத்த நாள் அமாவாசை. காலை ஆறு மணிக்கு எழும்பிச் சாரம் கட்டிக்கொண்டேன். பாரிசில் சாரத்தோடு மாடிப்படியும் இறங்காத ஆள் நான். ஆனால் காற்சட்டையோடு பிதிர்க்கடன் செய்ய மனம் வரவில்லை. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நாய்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. நான் எள்ளையும் துவாயையும் எடுத்துக்கொண்டு அவற்றின் முகத்துக்கு முன்னாலேயே தெருவில் இறங்கி நடந்தேன்.

கடற்கரையில் ஒருவரும் இல்லை. உடுப்பு மாற்றும் வெள்ளை மரக் குடில்கள் வரிசையாகக் கதவு பூட்டிக் கிடந்தன. அலை இல்லை, சத்தம் இல்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் போகவே கால் விறைத்துவிட்டது. முதல் முழுக்கில் வாய்க்குள் தண்ணீர் போனது. உப்பே இல்லை. இது கடல்தானா, இங்கே இறைத்தால் போய்ச் சேருமா என்று யோசித்தேன். மூன்று தரம் முழுகி, சூரியன் நின்ற கரைப்பக்கம் திரும்பி, எள்ளைக் கையில் வைத்துத் தண்ணீர் விட்டேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லிப் பல வருடம். சொன்னதும் எனக்குப் பின்னால் தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது, ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் எட்டு வைப்பது மாதிரி. திரும்பிப் பார்க்கப் பயந்தேன். இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை, நான் நன்றாகப் பயந்துவிட்டேன். நேரே கரையைப் பார்த்தபடி ஏறி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். தெரு முழுக்க என் ஈரக் கால் சத்தம். வீடு வரும்வரை நான் திரும்பவில்லை.

கதவில் கை வைக்க முன்பே அது திறந்தது.

அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு சிரிப்பை நான் என் வாழ்நாளில் அவர் முகத்தில் கண்டதில்லை. மூச்சு வாங்கியது. "வந்திட்டீங்களோ" என்றார். அம்மா என்னை ஒருநாளும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

 அவருடைய கண் என் முகத்தில் கொஞ்ச நேரம் தேடியது. பிறகு ஈரத் தலைக்குப் போனது, சாரத்துக்குப் போனது, கைக்கு வந்தது. விரல் இடுக்குகளில் எள்ளு ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு மெல்ல மெல்லப் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இண்டைக்கோ அமாவாசை?"

"ஓம் அம்மா."

அவருக்குப் பின்னால் யன்னல் தெரிந்தது. நாய்கள் இரண்டும் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன.

"கண்ணாடியிலை சாரம் தெரிஞ்சுது" என்றார். "தோளிலை துவாய். அந்த நடை. அதுகளைத் திருப்பிப்போட்டு ஓடி வந்தனான்."

 அவர் என் தோளிலிருந்த துவாயை எடுத்தார். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் என் தலையை அழுத்தித் துடைத்தார், நோகும்படி துடைத்தார்.

"எத்தினை தரம் முழுகினாய்?"

"மூண்டு."

"தண்ணி குளிரோ?"

"சரியான குளிர் அம்மா."

"அவருக்குக் குளிர் ஒத்துவராது" என்றார். துவாயைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே வாசற்படியில் இருந்துவிட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் கேட்காத அழுகையை அன்றுதான் கேட்டேன். அந்தத் தெருவில் ஒரு யன்னல் திரைகூட அசையவில்லை.

நெடுநேரம் கழித்து எழும்பி, "காய் கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்நிய அடுப்பில், சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் அந்தக் கசப்புக் காயும் சேர்த்துச் சமைத்தார். அப்பாவுக்கென்று ஒரு தட்டில் போட்டார். காகத்துக்கு வைக்கும் சோற்றைப் பின்படியில் நான் வைத்தேன். வந்த காகத்துக்குத் தலையும் செட்டையும் கறுப்பு, உடம்பெல்லாம் சாம்பல். அவசரப்படாமல் எங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டது.

"நரைச்சுப்போச்சு" என்றார் அம்மா.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். கனதூரம் போன பிறகு சொன்னார்: "அதுகளை வெளியாலை திருப்பினது ரண்டு தரம் நான்தான் தம்பி. முதல் நாள் நானில்லை."

"நானும் இல்லை அம்மா."

அவர் தலையாட்டினார். 

இந்த வருடம் ஆடி பிறந்ததும் அம்மாவே என்னை லா சப்பலில் மரக்கறிக் கடைக்குக் கூட்டிப்போனார். நெற்றியில் குங்குமம் இல்லை, திருநீறு மட்டும். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. கடை நிறையச் சனம். காத்தோட்டிக்காய் இருக்கிறதா என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார். பல வருடமாக எங்களைத் தெரிந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆருக்கு அம்மா?"

"என்ரை மனுசனுக்கு" என்றார் அம்மா.

கடைக்காரர் காய்களைப் பையில் போட்டார். அம்மா அண்ணாந்து பார்த்தார். கள்ளரைப் பிடிக்க மூலையில் மாட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் கடை முழுதும் தெரிந்தது. அதில் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழிவிடுவதுபோல் கொஞ்சம் விலகி நின்றேன்.