ஆறு மஃபின்களும் நாலாவது வரியும்

அந்தப் பெரிய கடையின் இரண்டாம் மாடியில், பாத்திரங்களுக்கும் ஓவன்களுக்கும் நடுவே, சக்கரம் வைத்த ஒரு வெள்ளை மேஜை உண்டு. அதன் பின்னால் பதினோரு வருஷமாக நிற்கிறவளை எல்லோரும் மஃபின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

மஃபின் சுடுவது அவள் வேலை இல்லை. சுட்ட மஃபின் சிலிகான் அச்சை விட்டு எவ்வளவு சுலபமாக வெளியே வரும் என்று காட்டுவதுதான் வேலை. தினமும் காலையில் தெருமுனை பேக்கரியில் ஆறு மஃபின் வாங்குவாள். புதுசு வேண்டாம், நேற்றுச் சுட்டதுதான் வேண்டும். புதுசு தொட்டால் உதிரும்; நேற்றையது இறுகிப்போய் சொன்ன பேச்சைக் கேட்கும். பேப்பரை உரித்து, ஆறையும் அச்சின் ஆறு குழிகளில் உட்கார வைத்துவிட்டால் அன்றைய பிழைப்பு தயார்.

"பாருங்க, எண்ணெய் வேணாம், கத்தி வேணாம், கெஞ்சவும் வேணாம். அடியில ஒரே ஒரு அமுக்கு, அவ்வளவுதான்!"

பொத்தென்று மஃபின் தட்டில் விழும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உடனே காலி அச்சை எடுத்து முறுக்கிப் பிழிந்து காட்டுவாள். விட்டால் அது பழையபடி விரிந்துகொள்ளும். ஆளுக்கு ஒரு குறிப்புச் சீட்டைக் கையில் திணிப்பாள். கூட்டம் கலைந்ததும் அதே மஃபினை எடுத்து அதே குழியில் வைப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. சாயங்காலத்துக்குள் அந்த ஆறும் கூழாங்கல் போல வழவழப்பாகிவிடும். பின்வாசல் புறாக்கள்கூட ரொம்ப யோசித்துத்தான் கொத்தும்.

வீட்டில் ஓவன் கிடையாது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு மஃபின்கூடச் சுட்டதில்லை. நீச்சல் குளத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்கிறோமா? அவளையும் யாரும் கேட்கவில்லை. இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், அவளுடைய நாத்தனார் மட்டும் இல்லாதிருந்தால்.

நாத்தனார் இவள் குடியிருக்கிற அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி; இவள் வீடு கீழ்த்தளம். தையல்காரி. அளவெடுக்காமலே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற கை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஓவன் வாங்கியபோது, மஃபின் அக்கா பெரிய மனசு பண்ணி ஒரு சிலிகான் அச்சைப் பரிசாகக் கொடுத்தாள். கடையில் காட்டிக் காட்டி நிறம் மங்கிய அச்சு அது. பெட்டியும் கிடையாது, குறிப்புச் சீட்டும் கிடையாது.

"சீட்டு எதுக்கு அண்ணி, நான் இருக்கேன்ல? சுட்டு எடுத்த உடனே அடியில ஒரே அமுக்கு."

நாத்தனார் சுட்டாள், அமுக்கினாள், உடைந்தது. மறுபடி சுட்டாள், மறுபடி உடைந்தது. குடும்பத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவள் மஃபின் ஒரு கிண்ணத்தில் உதிரியாக வரும், கூடவே கரண்டியும் வரும். 'கரண்டி மஃபின்' என்று பெயர் வைத்தவள் வேறு யாருமில்லை, நம் ஆள்தான். வைத்ததோடு விட்டாளா? "என்னதான் சொல்லிக் குடுத்தாலும் கையில ஒரு பக்குவம் வேணும்ல அண்ணி," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். நாத்தனாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படி இருக்கையில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஞானோதயம் பிறந்தது. 'மக்கள் உண்மையை விரும்புகிறார்கள்' என்று ஆய்வு சொல்கிறதாம். அதனால் வரும் சனிக்கிழமை மேஜையில் நேரடியாகச் சுட்டுக் காட்ட வேண்டும். பார்வையிட அதிகாரி வருவார். திருப்தியாக இருந்தால், பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே நிற்கிறவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மேஜை வேறொருவருக்கு. சுற்றறிக்கையை அவள் மூன்று தடவை படித்தாள். வேலை நிரந்தரமானால்தான் மருத்துவ விடுப்பு. எட்டு மணி நேரம் நின்று நின்று வீங்குகிற முழங்காலுக்கு அது இல்லாமல் வழியில்லை.

ஓவன் இருப்பது நாத்தனார் வீட்டில். அங்கே போய் எனக்குச் சுடத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? பேக்கரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

பேக்கரிக்காரர் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? நேத்தைய மஃபினா வாங்கிட்டுப் போறீங்களே, வீட்ல யாருக்கோ பல்லு ரொம்ப ஸ்ட்ராங்குன்னுல்ல நினைச்சேன்!"

சிரித்து முடித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். மாவை ரொம்பக் கலக்கக் கூடாது, கலக்கினால் ரப்பராகும். குழியில் முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும். குச்சி குத்திப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. நாலு நாள் காலையில் அவருடைய தகரத் தட்டில், பேப்பர் கப்பில் சுட்டுப் பழகினாள். நாலாவது நாள் நன்றாகவே வந்தது.

"வெளியே எடுக்குற விஷயம் மட்டும் எனக்குத் தெரியாதும்மா. நான் பேப்பரோட குடுத்துடுவேன்."

"அதை எனக்கா சொல்லணும்? பதினோரு வருஷமா அதைத்தானே செய்யறேன்!"

சனிக்கிழமை நல்ல கூட்டம். கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டிய அதிகாரி நோட்டோடு வந்து நின்றார். முன்வரிசையில் நாத்தனார், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு முக்கியமான நாளாயிற்றே.

மாவு அழகாக வந்தது. குழிகளில் ஊற்றினாள். ஓவனுக்குள் வைப்பதற்காக அச்சின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினாள். எப்படி வேண்டுமானாலும் வளையும் என்று ஆயிரம் பேருக்கு முறுக்கிக் காட்டிய அச்சு, மாவோடு தூக்கியபோதும் அப்படியே வளைந்தது. நடுவில் தொய்ந்து, ஒரு ஓரம் கவிழ்ந்து, ஒரு குழி மாவு மொத்தமும் அதிகாரியின் ஷூ மேல் இறங்கியது. அவர் ஷூவைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். அவள் அசடு வழியச் சிரித்துவிட்டு, மீதி ஐந்தைக் காப்பாற்றி உள்ளே தள்ளினாள்.

வெந்து வருகிற நேரத்தில் வாசனை மாடி முழுக்கப் பரவியது. படுக்கை விரிப்புப் பகுதியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். குச்சி சுத்தமாக வந்தது. அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. இனிமேல்தான் அவள் ராஜ்ஜியம்.

"பாருங்க, எண்ணெய் வேணாம், கத்தி வேணாம், கெஞ்சவும் வேணாம். அடியில ஒரே ஒரு அமுக்கு!"

மேல் பாதி வந்தது. கீழ்ப் பாதி குழியிலேயே இருந்துவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது நாலு துண்டு. விரல் சுட்டது, அதைப் பொருட்படுத்தாமல் நாலாவதை அமுக்கினாள், ஐந்தாவதை அமுக்கினாள். தட்டில் கிடந்ததை அள்ள ஒரு கரண்டிதான் குறை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி மேஜையில் அடுக்கியிருந்த குறிப்புச் சீட்டில் ஒன்றை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். "மூன்று. மாவு ஊற்றும் முன் அச்சை உறுதியான தட்டின் மேல் வைக்கவும். நான்கு. சுட்டு எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிடவும். சூடாக எடுத்தால் உடையும்."

பதினோரு வருஷத்தில் அந்தச் சீட்டை எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பாளோ! 'வாங்கியதற்கு நன்றி' என்ற முதல் வரியைத் தாண்டி அவள் கண் ஒருநாளும் போனதில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தது அதிகாரியை அல்ல. நாத்தனார் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் அதிகாரி ஷூவைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார். "பத்து நிமிஷம் ஆறணும்னா எவன் நிப்பான்? உண்மைக்கு ரொம்ப நேரம் ஆகுதும்மா. பழையபடி பேக்கரி மஃபினையே வச்சுக் காட்டுங்க. பதினோரு வருஷமா ஒருத்தருக்கும் சந்தேகம் வரலைன்னா, அது சாதாரணத் திறமையா? இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க. அடுத்த மாசத்திலேர்ந்து நீங்க பர்மனென்ட்."

கையெழுத்துப் போட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கணவனிடம் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, "முதல்ல மேல போய் அக்காகிட்டச் சொல்லு, சந்தோஷப்படுவா," என்றான். விஷயம் தெரியாத ஆள்.

மூன்று மாடியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. வீடு முழுக்க மஃபின் வாசனை. நாத்தனார் சமையலறை மேடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒரு தகரத் தட்டு, அதன் மேல் அந்த நிறம் மங்கிய அச்சு, ஆறு குழியிலும் உப்பிய மஃபின். அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"உக்காரு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

உட்கார்ந்தாள். வாய் மூடாமல் பேசியே பிழைத்தவளுக்கு அந்த நாலு நிமிஷம் நாலு யுகமாக இருந்தது. மூன்று நிமிஷத்தை மென்று விழுங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணி, நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடச் சுட்டதில்ல. கடையில காட்டுறதெல்லாம் பேக்கரியில வாங்குன பழைய மஃபின். தெரியாமலே உங்க கையைக் குறை சொல்லிட்டேன்."

 கடிகார முள் பத்தாவது நிமிஷத்தைத் தொட்டதும் நாத்தனார் எழுந்து, அச்சின் அடியில் கட்டை விரலால் மெல்ல அமுக்கினாள். ஒன்று. இரண்டு. ஆறும் முழுசாக வந்து தட்டில் நின்றன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம்," என்றாள். "ஊருக்கே தைக்கிற கை, இதுக்கு மட்டும் ஏன் விளங்கலைன்னு எத்தனை தடவை நினைச்சிருப்பேன் தெரியுமா?"

மஃபின் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் தேம்பல்தான் வந்தது.

நாத்தனார் ஒரு டப்பாவை எடுத்து ஆறு மஃபினையும் அதில் அடுக்கினாள். ஒன்றைக்கூடத் தின்னவில்லை, இவளுக்கும் கொடுக்கவில்லை. மூடியை அழுத்தி மூடி இவள் மடியில் வைத்தாள்.

"நாளைக்குக் கடைக்கு இதைக் கொண்டு போ. நாளைக்கு இதுவும் நேத்துச் சுட்டதுதானே, உடையாது. ஆனா அமுக்குறதுக்கு முன்னால அந்த நாலாவது வரியச் சத்தமாப் படிச்சிடு. இல்லைன்னா, வாங்கிட்டுப் போற வீட்லயும் என்னை மாதிரி ஒருத்தி கையைப் பாத்துக்கிட்டு நிப்பா."