செவ்வந்தி தொடாத தலை

எங்கள் நடவுக் கூட்டத்தில் செவ்வந்திக்குத் தலைசுற்றல் வைத்தியக்காரி என்று பேர் வந்ததற்குக் காரணமே அவளுக்கு வந்த தலைசுற்றல்தான். படுக்கையில் புரண்டால் கூரை சுற்றும், நாற்று நடக் குனிந்தால் வயலே சுற்றும். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். பித்தம் என்று நாங்கள் எலுமிச்சம்பழமாகப் பிழிந்து கொடுத்தோம். அவள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காதுக்குள் இருக்கிற பொடிக்கல் இடம் மாறிவிட்டது என்று சொல்லி, டாக்டரம்மா அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்து எழுப்பினார். சுற்றல் போயே போனது!

விடுவாளா? ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் பாய் போட்டுப் படுக்கவைத்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டாள். முதல் ஆளாகப் போய்த் தலையை நீட்டியவள் நான்தான். எனக்கு இருந்தது சாப்பிடாத மயக்கம். நாஷ்டா தின்றதும் தெளிந்தது. புகழ் என்னவோ அவளுக்கு.

போன மார்கழி நடவில், நாற்று முடி சுமந்து வந்த எல்லப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "செவ்வந்தி, சுத்துது. எனுக்கும் ஒரு தபா திருப்பி வுடு" என்றார். நாக்கு குழறியது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினியா மாமா?" என்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

செவ்வந்தி சிரிக்கவில்லை. "எயுந்து நில்லு மாமா."

எழுந்தவர் இடப்பக்கமாகச் சாய்ந்தார். அவர் தலையைத் தொட நீட்டிய கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது என் கையில கீற வேலை இல்ல. பேச்சு கொளறினா, நடை தள்ளினா தொடாத, உடனே இட்டுக்கினு வான்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கடி!"

எல்லப்பனின் மனைவி சிட்டம்மாள் கெஞ்சினாள், அப்புறம் ஏசினாள். "ஊருக்கெல்லாம் திருப்புன, என் வூட்டுக்காரருன்னா கசக்குதா?" அவர் வாயில் அவள் ஊற்றப்போன சோடாவைச் செவ்வந்தி தட்டிவிட்டாள்.

"கொளறுற வாயில ஊத்தாத, பொரையேறிடும்!"

குழறல் எப்போது ஆரம்பித்தது என்று எங்களைத் துளைத்தெடுத்து, ஒன்பதரை மணி என்று ஆம்புலன்ஸ்காரரிடம் இரண்டு தரம் சொன்னாள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்தோடு வந்ததால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடிந்ததாம்.

பன்னிரண்டாம் நாள் எல்லப்பன் பஸ்ஸிலிருந்து தன் காலாலேயே இறங்கி நடந்தார்! வேலையைப் போட்டுவிட்டு ஓடினோம். நான் சந்தோஷத்தில் கூச்சலே போட்டேன். சிட்டம்மாள் நேராகச் செவ்வந்தியிடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கி இந்தக் கைய நீ வச்சிருந்தின்னா, நான் இன்னிக்கி பூ வச்சிக்கினு நிக்க மாட்டேன்டி."