'டி'யில் போட்டால் யோசிக்கும் கார்

கியர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவியதும் லாபிர் பாஸ் அதை முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். பிறகு விரலில் தேய்ப்பார், வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்து வெயிலில் பிடிப்பார். கருகிய நெடி அடித்தால் கியர்பெட்டிக்குள்ளே தட்டுகள் எரிந்துவிட்டன என்று பொருள். அன்று நெடி இல்லை. "அல்ஹம்துலில்லாஹ், தட்டு தப்பிட்டுது. ரப்பர்தான் போயிரிக்கி."

மாத்தளையில் ஓட்டோ கியர் கார் பழுதென்றால் இவரிடம்தான் அனுப்புவார்கள். அனுப்பும்போதே கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள், ஏனென்றால் பாஸ் சரியான பயந்தாங்கொள்ளி. ஜாக்கியில் ஏற்றிய காருக்குக் கீழே போகுமுன் எல்லாப் பக்கமும் கட்டை வைப்பார், காரை உலுக்கிப் பார்ப்பார், படுத்த பிறகும் எழுந்துவந்து கட்டையை ஒருமுறை உதைப்பார். வீதியில் டயர் வெடித்தால் கராஜின் தகரக் கதவு பாதி இறங்கிவிடும். போர் நடந்த இரண்டாயிரத்து ஏழில் அந்தச் சத்தத்துக்கு எல்லோருக்கும்தான் நெஞ்சு பதறியது. பாஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பதறும்.

அன்று வந்த கார் அருந்ததியுடையது. அவர் மிருக வைத்தியர். கலேவெல, வில்கமுவ என்று மாடுகளுக்கு ஊசி போட அலைகிறவர். சின்ன வயதுப் போலியோவில் இடது கால் சூம்பிவிட்டதால் கிளச் மிதிக்க முடியாது. இந்தப் பழைய ஓட்டோ கியர் கார் நின்றால் அவருடைய வேலையும் நின்றது.

போன கிழமை தம்புள்ளை வீதிச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் போகலாமென்று கையைக் காட்டியிருக்கிறான். இவர் கியரை 'டி'யில் போட்டார். கார் அசையவில்லை. பதற்றத்தில் அக்சிலரேட்டரை மிதித்தார். அப்போதுதான் கியர் பிடித்தது, கார் பாய்ந்தது. முன்னால் நின்றவன் துள்ளி விலகித் துவக்கை நீட்டிவிட்டான்.

"பிரேக் பிடிச்சிட்டன் பாஸ். பிடிக்காட்டி..." அவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. கார்தான் பாஞ்சது எண்டு சொன்னா ஆர் நம்புவினம்?"

பாஸ் வீதிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். இஞ்சினைச் சூடாக்கி, பிரேக்கை அழுத்தச் சொல்லி, பொனட்டில் உள்ளங்கையை வைத்தபடி கியரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்.

"ரிவர்ஸ் டக்கென்டு புடிக்கிது. டி-க்குத்தான் யோசிக்கிது. அப்ப பம்ப் நல்லம். முன்னுக்குப் போற டிரம்முல ரப்பர் சீல் தேஞ்சிரிக்கி, டொக்டர். ஒயில் சூடாகினா அதால ப்ரெஷர் ஒழுகுது."

முன்பு வேறொரு கராஜில் கியர் ஒயிலில் பிரேக் ஒயிலைக் கலந்து கொடுத்ததாக அருந்ததி சொன்னார். அதில் ரப்பர் ஊதும், கார் சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு ரப்பர் சேறாகிவிடும். அதைக் கேட்டதும் பாஸுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "பொய்த் தைரியம் குடுத்திரிக்கானுவள்!"

கியர்பெட்டியை இறக்கினார். புதுச் சீல்களை ஒயிலில் ஊறப்போட்டு, வாஸ்லின் பூசி, மெல்லிய கம்பி வளையத்தால் விளிம்பைச் சுற்றிச்சுற்றி உள்ளே தள்ளினார். அந்த விளிம்பு ஒரு மயிரிழை மடிந்தாலும் பட்ட பாடெல்லாம் வீண். டிரம்மின் துளையில் காற்றடித்தார். டொக்கென்று தட்டு இறுகியது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். பாஸ் கழற்றி, விளிம்பைத் தடவிப் பார்த்து, மறுபடியும் பூட்டினார்.

அருந்ததி காரை எடுக்க வந்த அன்று, பாஸே அதை எல்கடுவ மலைவரை ஓட்டிப்போய்க் கொதிக்கக் கொதிக்கத் திரும்பக் கொண்டுவந்தார். சாவடியில் அணைக்கச் சொல்வதுபோல இஞ்சினை அணைத்தார். அருந்ததியை ஏறி உட்காரச் சொன்னார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சிப்பாய் நின்ற இடம் எதுவோ அதே இடத்தில், பம்பருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயோ பாஸ், விலகி நில்லுங்கோ!"

"நாளைக்கு அங்க நிக்கிறவன் விலகுவானா? ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க, டொக்டர். அக்சிலரேட்டர்ல கால் வைக்க வாணாம்."

பாஸின் உதடு பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தது. 'டி' விழுந்த கணமே கார் சத்தமில்லாமல் அவரை நோக்கி நகர்ந்தது. பாஸ் பொனட்டில் உள்ளங்கையை வைத்தபடி பின்பக்கமாகவே நடந்து, கராஜ் வாசல்வரை அதைக் கூட்டிவந்தார். அங்கே ஒதுங்கி நின்று, போகலாமென்று கையைக் காட்டினார்.