மலையாய்க் கட்டிய கோயிலின் படிகள்

கம்போடியாவில் நாங்கள் பார்த்த பழைய கோயில் மலைமேல் இல்லை. கோயிலையே மேரு மலையாகக் கட்டியிருந்தார்கள். மேலே போகப்போக ஒவ்வோர் அடுக்கும் சிறுத்துக்கொண்டே போனதால், கீழே நின்றவனுக்கு உச்சி இன்னும் உயரத்தில் தெரிந்தது. அந்தத் தந்திரத்தை மனைவிக்கு விளக்கிக்கொண்டே ஏறினேன். இறங்கத் திரும்பியபோதுதான் படிகளைக் கவனித்தேன். பாதத்தில் பாதிகூட வைக்க இடமில்லாத படிகள். கட்டியவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அவள் படிகளைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் எனக்கு முன்னே இறங்கினாள். என் கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தாள்.

"சாமிக்கு முதுகு காட்டாமல் இறங்கத்தான் இப்பிடிக் கட்டியிருக்கினம்," என்றாள்.

போன மாரிக் குளிரில், எங்கள் சுவிஸ் நகரமான ஃப்ரிபூர்க்கில், மேல் நகரிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் கற்படிகளில் பனி உறைந்திருந்தது. அவளுக்கு இப்போது முழங்கால் வலி. பாதி வழியில் நின்றவள், நான் இரண்டு படி கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பற்றியபடி திரும்பிப் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள். நான் அவள் சப்பாத்தைப் பிடித்துப் படியில் வைத்தேன். ஏறிவந்த ஒருவர் உதவி வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"மேலை சூப்பர்மார்க்கெட்தானே இருக்கு. அதுக்கும் முதுகு காட்டமாட்டீரோ?" என்று அவளைக் கேட்டேன்.

"மேலை என்ன இருந்தால் எனக்கென்ன," என்றாள். "கீழை நீங்கள் நிக்கிறியள் எண்டுதான் திரும்பினனான்."