சுமாரான கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கப்பு வாங்கிய கதை இல்லை இது. கடைசி மேசையில் மூன்றாவது ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டேன். கப்பும், அதோடு கொடுத்த டேபிள் ஃபேனும் வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் போயின. அந்த ஃபேன் ஓடுகிறதா என்று தெரியாது. ஓடக் கூடாது என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கம் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு அமாவாசை. காலையில் ஆண்கள் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, வாழைக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மன்றத்துக்குப் போய்ச் சீட்டைக் கையில் எடுப்பார்கள். செத்தவர்களுக்கு மரியாதை அவ்வளவுதான். வருஷத்தில் ஒரு அமாவாசை, வைகாசியில், அது போட்டியாக நடக்கும். காசு வைத்து ஆடினால் போலீஸ் வரும் என்பதால் கப்பு. நான் ஆடியதற்கு முந்தின வருஷம் கப்பு வாங்கியவர் என் வீட்டுக்காரர். அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, நான் துணியால் துடைக்கிறேனா என்று வேறு பார்ப்பார்.

ஆடுவது ரம்மி. பதின்மூன்று சீட்டு. ஒரே எண்ணாகவோ, வரிசையாகவோ, மூன்று மூன்றாகவோ நான்காகவோ சேர்க்க வேண்டும். அதில் ஒன்றாவது ஜோக்கர் இல்லாமல், ஒரே ஜாதியில் வரிசையாக மூன்று இருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒரிஜினல். ஒரிஜினல் இல்லாமல் மற்றது எல்லாம் சேர்ந்திருந்தாலும் பயனில்லை, கையில் இருப்பது மொத்தமும் நம் தலையில் பாயிண்டாக ஏறும். எண்பதுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், அந்தக் கருணை மட்டும் உண்டு. நூற்றொன்று வந்தால் அவுட். வந்த கை பிடிக்கவில்லையா, சீட்டு எடுக்கும் முன்பே கவிழ்த்துவிடலாம். அது ஸ்கூட். இருபது பாயிண்டோடு தப்பிக்கலாம்.

நல்ல கை வந்தால் எருமை மாடு கூட ஆடும். மோசமான கை வந்தால் ஸ்கூட் வைத்துவிடலாம், அதற்கும் மூளை வேண்டாம். சிக்கல் எல்லாம் சுமாரான கையில்தான். ஒரு ஜோக்கர் இருக்கும். ஆங்காங்கே இரண்டிரண்டு சீட்டு ஜோடியாக நிற்கும். மூன்றாவது வருகிறேன் என்று சொல்லும். பெண் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போயி சொல்றோம்" என்று போனவர்கள் மாதிரிதான் அது. வரவும் வரலாம்.

எங்கள் ஆண்கள் இங்கேதான் கவிழ்வார்கள். ஸ்கூட் வைக்கவே மாட்டார்கள். தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டால் நெசவுக்காரன் பாதியில் அறுக்க மாட்டான். நூல் எவ்வளவு மட்டமாக இருந்தாலும், அறுந்த இடத்தில் எல்லாம் முடிச்சுப் போட்டு, திட்டிக்கொண்டே கடைசிவரை நெய்து இறக்குவான். அதே புத்தியைச் சீட்டிலும் காட்டுவான். குப்பைக் கையை வைத்துக்கொண்டு, ஏற்றின பாவு மாதிரி, கடைசிவரை உட்கார்ந்து எண்பதை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பான். சீட்டில் முடிச்சுப் போட முடியாது என்பது இத்தனை வருஷத்தில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. நான் மாகறலில் பிறந்தவள். மூன்று அண்ணன்களுக்கு நாலாவது கை தேவைப்பட்டதால் எட்டு வயசிலேயே ரம்மி தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று பேரிடமும் திட்டு வாங்கியதால் எப்போது வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

அந்த வருஷம் நான் மன்றத்துக்கே போய், "எம் பேரையும் எழுதிக்குங்க" என்றேன். செயலாளர் என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னாத்துக்கு அவர பாக்கறீங்க? சீட்டு நான்தான் புடிக்கப் போறன்."

"லேடீஸ்லாம் இதுவரிக்கும் ஆடனதில்லம்மா."

"நீங்க சேத்ததில்ல. அதான் ஆடல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "சரி, ஒரு வருசம் பாப்போம். லேடீஸ்ல யாராச்சும் ஒருத்தர் சொந்தமா ஆடி ஃபைனல் டேபிளுக்கு வந்துட்டீங்கன்னா அடுத்த வருசமும் உண்டு. வரலன்னா இத்தோட சரி. அப்புறம் என்ன வந்து கேக்கக் கூடாது."

நாலு பெண்கள் பெயர் கொடுத்தோம். போட்டியன்று மதியத்துக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் நேர்மையாகத் தோற்றார்கள். மூன்றாமவளை அவள் மாமியார் வாசலில் நின்று கூப்பிட்டதும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். கையில் ஒரிஜினல் இருந்ததாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசி மேசைக்கு முந்தைய மேசையில் நான், கூரத்து ஆட்டோக்காரர் ஒருவர், என் வீட்டுக்காரர். பெயரெழுதிக் குலுக்கிப் போட்ட லட்சணம் அது. மூன்று பேரில் ஒருவர்தான் மேலே போகலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"யோவ், எனுக்கு விட்டு கிட்டு குடுத்தன்னா, அப்புறம் எம் மூஞ்சியில முழிக்காத."

"ஆசதான். உனுக்கு நான் எதுக்குடி விட்டுக்குடுக்கறன்? ஃப்ரிட்ஜு மேல இன்னொரு கப்புக்கு எடம் இருக்குது."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆட்டோக்காரர் ஐந்தாவது ஆட்டத்தில் போனார். ரெண்டே பேர் என்றதும் கலந்திருந்த இரண்டு கட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஒரே கட்டில் போட்டார்கள். எனக்கு எழுபத்தெட்டு, அவருக்கு எண்பத்தைந்து. வேலையில்லாத நாள் என்பதால் நாற்பது பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். "விட்டுக்குடுத்துடுபா, ராத்திரிக்கு சோறு வோணுமில்ல" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கை வந்தது. சுமார் என்றால் சுத்தமான சுமார். ஒரு ஜோக்கர். டைமன் ராஜா, ராணி. ஆர்ட்டின் ஒன்பது, பத்து. ஸ்பேடு ஐந்து, ஆறு. இரண்டு ஏழு, ஒன்று டைமன், ஒன்று கிளாவர். மற்றதெல்லாம் அனாதைகள். ஒரிஜினல் கிடையாது.

காலையில் இந்தக் கை வந்திருந்தால் யோசிக்காமல் வைத்திருப்பேன். இப்போது வைத்தால் தொண்ணூற்றெட்டு ஆகும். அடுத்த ஆட்டத்தில் வைக்க வழியில்லை, என்ன குப்பை வந்தாலும் ஆடித்தான் தீர வேண்டும். அவரைப் பார்த்தேன். எண்பத்தைந்தில் இருபதைக் கூட்டினால் நூற்றைந்து. அவரால் இந்த ஆட்டத்திலேயே வைக்க முடியாது. கை பிடித்துப்போய் ஆடுகிறவனுக்குப் பயப்படலாம், வேறு வழியில்லாமல் ஆடுகிறவனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? அவர் கையும் என் கை மாதிரிதான் இருக்கும். அப்படியென்றால் என் சுமார், சுமார் இல்லை. கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன்.

ஆர்ட்டின் ஜாக்கி வந்தது. ஒன்பது, பத்து, ஜாக்கி. ஒரிஜினல். முகத்தை அம்மன் சிலை மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு ஸ்பேடு ஏழு வந்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு எட்டும் வந்தது. ராஜாவுக்கும் ராணிக்கும் பக்கத்தில் ஜோக்கரை உட்கார வைத்தேன். மிச்சம் அந்த இரண்டு ஏழு. ஆர்ட்டின் ஏழு வந்தால் முடிந்தது.

நடுவில் கட்டிலிருந்து கிளாவர் எட்டு வந்தது. கிளாவர் ஒன்பதை அவர் முன்பே கீழே போட்டிருந்ததால், எனக்கு அது உதவாது என்று போட்டேன். அவர் அதைப் பொறுக்கி எடுத்தார். எடுத்த அடுத்த நிமிஷம் மேசைக்குக் கீழே அவர் கால்கள் நகர ஆரம்பித்தன.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், அதனால் ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் நடுவில், தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். நான் ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவேன். பதினாறு வருஷமாக அவர் காலைப் பார்த்துத்தான் என் கை போகிறது. வேலை சரியாக ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கால்கள் வலது, இடது என்று தாமாகப் போகும். மன்றத்து மண்டபத்தின் மொசைக் தரையில் மிதியும் இல்லை, குழியும் இல்லை. கால்கள் மட்டும் நெய்துகொண்டிருந்தன. முகத்தை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த மனுஷனுக்குக் காலை ஒளிக்கத் தெரியவில்லை.

இது கள்ள ஆட்டமா என்று கேட்டால் இல்லை. அவர் கால், நான் பார்த்தேன். வேண்டுமானால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

ஆக, ஒரே ஒரு சீட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். கிளாவர் எட்டை எடுத்ததும்தான் கால் ஓடியது. ஒன்பது கீழே போய்விட்டது. அப்படியானால் அவர் கையில் ஆறு இருக்கிறது, நடுவில் ஏழு வேண்டும். ஒரே கட்டில் கிளாவர் ஏழு ஒன்றுதான். அது என் கையில்.

புத்தியுள்ளவர்கள் யாராக இருந்தாலும் அந்தச் சமயத்தில் ஒரு ஏழைக் கீழே போட்டு வேறு சேர்க்கை தேடுவார்கள், ஒரே ஒரு ஆர்ட்டின் ஏழை நம்பி உட்கார மாட்டார்கள். நான் உட்கார்ந்தேன். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் என் விரல் கிளாவர் ஏழுக்குப் பக்கத்தில் போகும்போது அவர் மூச்சை நிறுத்துவதாக எனக்குத் தோன்றியது. நாலாவது சுற்றில் ஆர்ட்டின் ஏழு வந்தது. மிஞ்சிய சீட்டைக் கவிழ்த்து வைத்து, "டிக்" என்று ஆட்டத்தை முடித்தேன். குரல் கீச்சென்று வந்தது.

என் சீட்டை மூன்று பேர் பார்த்துச் சரி என்றார்கள். வழக்கமாகத் தோற்றவர் சீட்டை விரித்துக் காட்ட வேண்டும். ஆனால் கப்பு வாங்கியவர்கள் காட்ட மாட்டார்கள், அது அவர்கள் கெத்து. "ஃபுல்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் எண்பது எழுதிக்கொள்வார்கள். அவரும் "ஃபுல்" என்றார், கவிழ்த்துப் போட்டார்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். "போன வருசம் கப்பு வாங்குன ஆளு, ஃபுல்லாம்! யாருகிட்ட கத உடற?" "பெரிய மனசுபா உனுக்கு." ஒருத்தர் அவர் முதுகில் தட்டினார். செயலாளர் பேனாவை மூடிவிட்டு என்னிடம் குனிந்து, "சந்தோசம்மா. ஆனா சொந்தமா ஆடி ஜெயிக்கணும்னுதான் பேசுனோம். வூட்டுக்காரரு வுட்டுக்குடுத்து வர்றத கணக்குல எப்டிமா சேக்கறது?" என்றார். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் எதைச் சொன்னாலும் எடுபடாது. ஜெயித்தவள் நான், ஜெயித்தேன் என்று நானே எப்படி நிரூபிப்பது? அதைச் சொல்லக்கூடியவர் அந்த மண்டபத்தில் ஒருத்தர்தான் இருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்லவன் என்று நாற்பது பேர் சொல்லும்போது ஆண்களுக்கு வருமே, அந்தச் சிரிப்பு. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பெண்டாட்டியிடம் தோற்றவன் இல்லை, பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தவன். ஊரே கொடுக்கிற பட்டம். பதினாறு வருஷத்தில் அந்த ஒரு நொடி மாதிரி அவரை நான் வெறுத்ததில்லை.

சிரிப்பு நின்றது. நான் முறைத்ததாலா, அவருக்கே உறைத்ததா, தெரியாது. கவிழ்ந்து கிடந்த சீட்டைக் கையில் அள்ளினார். ஒவ்வொன்றாக மேசை மேல் விரித்தார். பத்துச் சீட்டு அழகாகச் சேர்ந்திருந்தது, உதவாத ஒன்றை ஓரமாகத் தள்ளினார். பிறகு கிளாவர் ஆறை வைத்தார், ஒரு விரல் இடம் விட்டு எட்டை வைத்தார்.

"இத பாருங்கபா. இந்த ஏழு மட்டும் வந்திருந்தா ஒரிஜினல் ஆயி நான்தான் டிக்கு. எங்க இருக்குது ஏழு?" என் சீட்டிலிருந்து கிளாவர் ஏழை எடுத்து அந்த இடைவெளியில் பட்டென்று போட்டார். "இவ கையில இருக்குது. எனுக்குனு தெரிஞ்சே புடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருந்துருக்கா. நான் ஒண்ணும் வுட்டுக்குடுக்கல. தோத்துட்டன்."

ஃபுல் என்று கவிழ்த்த கையை ஒரு ஆள் திருப்பிக் காட்டி அங்கே யாரும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்ததற்கு இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று யாரிடமோ சொன்னேன்.

செயலாளர் பேனாவைத் திறந்து என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, இனி வேறு வழியில்லை என்பது புரிந்தவராக, என் வீட்டுக்காரரிடமே கேட்டார். "அப்போ அடுத்த வருசமும் லேடீஸு உண்டுன்னு போட்டுடலாமா?"

"போட்டுக்கோ," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ஆனா இவள வேற டேபிள்ல போடு."