அதீனாவுக்கு என்ன அர்த்தம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முப்பது வயதிருக்கும். பட்டு வேட்டி, வியர்வையில் கரைந்த குங்குமம். முழுக்கைச் சட்டையின் கையை மடிப்பதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார்.

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. "ஸ்ரீரங்கத்துல இன்னிக்கு என் பொண்ணுக்குப் பேர் வைக்கிறோங்க," என்றார், நான் கேட்காமலே. "அதீனா. கிரேக்கத்துச் சாமி பேரு. அத்தைதான் குழந்தை காதுல மூணு தரம் சொல்லணும். அர்த்தம் தெரியாத பேரைச் சொல்ல மாட்டேன்னு எங்க அக்கா ஒத்தக்கால்ல நிக்குது."

"அர்த்தம் என்னங்க?"

"தேடிட்டேங்க. ஏதென்ஸ்ங்கிற ஊர் பேரைச் சாமிக்கு வச்சாங்களா, சாமி பேரை ஊருக்கு வச்சாங்களான்னே படிச்சவங்களுக்குத் தெரியலையாம்."

போன் அடித்தது. அக்காதான். கொஞ்ச நேரம் கேட்டவர், "சரிக்கா, நம்ம குலசாமி பேருக்கு என்ன அர்த்தம்? சொல்லு," என்றார். சட்டைக் கை பாதி மடிப்பில் நின்றது. பஸ் நகர்ந்தது. அம்மா மண்டபத்தில் போனைக் காதில் வைத்தபடியே இறங்கி ஓடினார்.

அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குலசாமி துறையூர்ப் பக்கம் இருக்கிறது. அதன் பேருக்கு அர்த்தம் என்னவென்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான்.