உள்ளே தண்ணீர் படாத ட்ரம்பெட்

அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கிழிந்த பனியன் துணியால் ட்ரம்பெட்டின் அகன்ற வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெரிகிறவரை விடமாட்டார். தெரிந்ததும் ஒரு பார்வை பார்ப்பார், பிடிக்காது, மறுபடி துடைப்பார். மாத்திரையால் உப்பிப்போன முகம்.

"ஊதுறத நிறுத்தினப்புறம்தான் கன்னம் ஊதியிருக்கு. உலகத்துல எவனுக்காவது இப்படி நடக்குமா?" என்றார், உள்ளே இருக்கும் மனைவிக்குக் கேட்கிற மாதிரி. அவள் சிரிக்கவில்லை.

பேண்ட் குழுவில் அவருக்கு ஒத்தமூச்சுக்காரர் என்று பெயர். ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது ஒரு சுரத்தைப் பிடித்தால், கடைசி ஆளும் திரும்பி முடிக்கும்வரை விடமாட்டார். டிரம் அடிக்கிறவரே கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். கல்யாணமோ சாவோ, அந்த ஓர் இடத்துக்காகவே அவரைக் கேட்டுக் கூட்டிப்போனவர்கள் உண்டு.

இன்னொரு பெருமையும் இருந்தது. தெருவே சளியில் படுத்தாலும் அவர் தும்மமாட்டார். "நமக்கு எதிர்ப்பு சக்தி கொஞ்சம் ஜாஸ்தி. கிருமி இங்க வந்தா அதுக்குத்தான் காய்ச்சல் வரும்" என்று மார்பைத் தட்டிக்கொள்வார்.

அந்த எதிர்ப்பு சக்திதான் கூட இருந்தே குழி பறித்தது. முதலில், ஊதிவிட்டு வந்த அன்று இரவெல்லாம் இருமல், உடம்பு வலி. பிறகு மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பிறகு செருப்பு மாட்டக் குனிந்தாலே வாங்கியது. மூச்சோடு எதுவோ உள்ளே போய் நுரையீரலைக் கெடுக்கிறது என்று, புறா வளர்க்கிறீர்களா, சுவரில் ஈரம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இவர் இல்லை என்று தலையாட்டினார். மனைவிதான் கூச்சத்தை விட்டு வாய் திறந்தாள். "இவரு ட்ரம்பெட் ஊதுவாருங்க. அதை உள்ள கழுவவே மாட்டாரு."

அந்தக் குழுவில் யாருமே கழுவுவதில்லை. உள்ளே தண்ணீர் பட்டால் குரல் செத்துவிடுமாம். எச்சில் படிந்து படிந்து ஊறிய குழலில்தான் நயம் வருமாம்.

டாக்டரம்மா அதைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே ஒரு துணியை விட்டு இழுத்தார். பச்சையும் கறுப்புமாகக் கிணற்றுப் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இந்தப் பூஞ்சை நீங்க மூச்சை இழுக்கிறப்பல்லாம் உள்ள போயிருக்கு. அது பெருசா ஒண்ணும் பண்ணலை. உங்க எதிர்ப்பு சக்திதான் அதை எதிரின்னு நினைச்சு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அடி பூரா விழுந்தது உங்க நுரையீரல் மேல. தழும்பாகிப் போன இடம் திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்தப் பாக்கலாம்."

எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. அது அடங்கியதில் கொஞ்சம் மூச்சு வந்தது. கூடவே, போகிற வருகிற சளியெல்லாம் இவரிடம் வந்து தங்கியது. தும்முகிற பேத்தியை மனைவி வாசலோடு திருப்பி அனுப்புவாள்; ஜன்னல் வழியாகக் கையசைப்பதோடு சரி. "அவுத்து விட்டா வீட்டு நாயே கடிக்குது. கட்டிப்போட்டா திருடன் வர்றான். நான் எங்கடி போறது?" என்பார்.

டாக்டரம்மா சொன்னபடி ஊதுவதை நிறுத்திவிட்டார். கழுவ மட்டும் சம்மதிக்கவில்லை. "நான்தான் போயிட்டேன். அதோட குரலாவது இருக்கட்டும்."

அன்று அவர் துடைத்து முடிப்பதற்குள் மனைவியின் தம்பி வந்து நின்றான். குழுவில் இவர் இடத்தில் இப்போது அவன்தான்.

"மாமா, சாயங்காலம் இந்தத் தெரு வழியாத்தான் ஊர்வலம். என்னோடது தகர டப்பா மாதிரி கத்துது. உங்களோடதைக் குடுங்க. கழுவி கிழுவி வெச்சுடாதீங்க, எனக்கு அந்தக் குரல் வேணும்."

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

அவர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, ட்ரம்பெட்டைக் குழாயடியில் பிடித்தார். பாசி கட்டி கட்டியாக விழுந்தது.

"ஐயோ, கெடுத்துட்டீங்களே மாமா! நான் ஊதுறது பொறுக்கலையா?"

"பொறுக்கலை. அப்படியே வெச்சுக்க."

ஒன்றுமே கிடைக்காததற்கு இதுவாவது என்று அவன் சொட்டச் சொட்ட அதை வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஊர்வலம் வந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் அந்தச் சுரம் எழுந்தது. குரல் சாகவில்லை. அவர் ஊதிய நாளில்கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

பின்னால் மனைவி வந்து நின்றாள். அவர் திரும்பவில்லை. உதட்டைக் குவித்தார். ட்ரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துவதுபோல் மூன்று விரல்கள் முழங்காலில் அழுந்தின. அவனோடு சேர்ந்து தானும் மூச்சைப் பிடித்தார். கடைசி ஆள் இன்னும் வெகுதூரத்தில் இருக்கும்போதே இருமல் வாயைத் திறந்துவிட்டது. விரல்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. தெருவில் சுரம் போய்க்கொண்டே இருந்தது.